அதளும் ஆசனமும்: பூந்தமல்லிச் சாலையில் ஒரு தோல் வரலாறு

அம்பத்தூரில் நண்பர்கள் சிலர் சேர்ந்து நாங்கள் நடத்திவரும் சிறு படிப்பகத்திற்கு, ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் தம் வீட்டு மரச்சோபா ஒன்றையும் கை வைத்த நாற்காலிகள் இரண்டையும் கொடுத்துதவினார். நல்ல தேக்கு, மரத்தில் பழுதில்லை. மேலே போர்த்தியிருந்த ரெக்ஸின் மட்டும் வெடித்து, உட்கார்ந்து எழுவோரின் வேட்டியில் செதில் செதிலாக ஒட்டிக்கொண்டது. இருமுறை மாற்றியும் இதே கதைதான் என்றார் தலைமையாசிரியர். ஆகவே இம்முறை உண்மையான தோலையே போர்த்துவது என்று முடிவு செய்தோம். அந்த முடிவு எங்களை ஆவடிப் பக்கம் ஒரு குஷன் கடைக்கும், அங்கிருந்து பெரியமேட்டுத் தோல் மண்டிக்கும், சற்றும் எதிர்பாராத வகையில் புறநானூற்றுக்கும் இட்டுச் சென்றது. தோலைத் தேர்ந்தெடுப்பது என்னும் இச்சிறு செயலுக்குப் பின்னால் இத்தனை நீண்ட வரலாறு இருக்கும் என்று நாங்கள் நினைத்திருக்கவில்லை. அதை வாசக நண்பர்களோடு பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

மாட்டைப் படித்தல்

குஷன் கடைப் பெரியவர் அறுபதைக் கடந்தவர். ஆட்டோ இருக்கையும் வேன் இருக்கையும் தைத்துப் பிழைப்பவர். எப்போதாவது தோல் வேலை வந்தால் முகம் மலர்பவர். எங்கள் விருப்பத்தைக் கேட்டதும் அவர் விலை சொல்லவில்லை. "ரெக்ஸின்னா மீட்டர் கணக்கு சார், கண்ண மூடிக்கினு வெட்டலாம். தோலுன்னா ஒவ்வொண்ணும் ஒரு மாடு. மொதல்ல அந்த மாட்டப் படிக்கணும்" என்றார். 'படிக்கணும்' என்ற சொல்லை அவர் வெகு இயல்பாக ஆண்டார். வகுப்பறையில் இருபதாண்டுகளாக அதே சொல்லைச் சொல்லிவரும் எங்களுக்கு அது சற்றே உறைத்தது.

அடுத்த வாரம் அவரே எங்களைப் பெரியமேட்டில் சைடன்ஹாம்ஸ் சாலைப் பக்கமுள்ள ஒரு கிடங்கிற்கு அழைத்துச் சென்றார். குழல்விளக்கின் கீழே காட்டப்பட்ட தோலை அவர் தொடவேயில்லை. "பாய், வாசல்ல விரிங்க. வெயில்ல பாக்கறேன்" என்றார். வாசலில் விரிந்தபோதுதான் எங்களுக்கு அது தோலாகத் தெரியாமல் விலங்காகத் தெரிந்தது. நடுவே முதுகெலும்பின் கோடு; இரு பக்கமும் வயிறு; ஒரு முனையில் கழுத்து; நான்கு மூலைகளில் கால்கள்.

அவர் கற்பித்த பாடத்தைச் சுருக்கமாகச் சொல்கிறோம். முதுகுப் பகுதியில் நார்கள் நெருங்கிப் பின்னியிருக்கும். இழுத்தால் அதிகம் நீளாது. உட்காரும் இடத்திற்கு அதுவே உரியது. வயிற்றுப் பகுதி தளர்ந்தது. இருக்கைக்குப் போட்டால் ஓராண்டில் தொய்ந்து குளம் கட்டிவிடும். மறைவான பக்கங்களுக்கே அது ஆகும். கழுத்தில் இயல்பாகவே மடிப்புக் கோடுகள் உண்டு. அவற்றைச் சாய்மானத்தின் பின்புறம் வைக்கலாம். பெருவிரலால் அழுத்தினால் நுண்ணிய சுருக்கங்கள் விரலைச் சுற்றிப் பரவி, விரலை எடுத்ததும் மறையவேண்டும். மேற்புறம் உள்ளே வருமாறு மடித்தால் சுருக்கம் மெல்லியதாக இருக்கவேண்டும். குழாய் குழாயாகப் புடைத்தால் மேற்பரப்பு அடிநாரிலிருந்து விட்டுப்போயிருக்கிறது என்று பொருள். சோபாவுக்கு ஒன்று முதல் ஒன்றேகால் மில்லிமீட்டர் கனம் போதும். ஒரே சாயத்தொட்டியில் ஒன்றாக இறங்கிய தோல்களையே எடுக்கவேண்டும். இல்லையேல் நிறம் வேறுபட்டு நிற்கும்.

இவையெல்லாம் தொழில் நுணுக்கம். இதற்கு மேற்பட்ட ஒன்றை அவர் செய்தார். தோலின் மேலே விரலை ஓட்டிக்கொண்டே போய், ஊசிமுனைக் குழிகளைக் காட்டி "இது உண்ணி" என்றார். நீண்ட கோட்டைக் காட்டி "முள்வேலி" என்றார். தொடைப் பக்கம் வட்டமான மழமழப்பான தழும்பைக் காட்டி "சூடு போட்டிருக்காங்க, வைத்தியத்துக்கு" என்றார். பிட்டத்தில் புள்ளி புள்ளியாய் இருந்தது தார்க்குச்சி. கழுத்தின் மேற்பகுதியில் உள்ளங்கை அகலத்திற்குத் தடித்துக் காய்த்துப் போயிருந்த இடத்தில் விரலை நிறுத்தி, "வண்டி மாடு சார். ரொம்ப நாள் இழுத்திருக்கு" என்றார். அது நுகத்தடியின் தழும்பு.

வணிகத்தில் இவை அனைத்திற்கும் ஒரே பெயர், குறை. குறை மிகுந்த தோலின் மேற்பரப்பைத் தேய்த்து, நிறமி பூசி, செயற்கையாகத் துளையழுத்தி மறைத்துவிடுவார்கள். குறையற்ற தோல் மட்டுமே முகம் மாறாமல் 'ஃபுல் கிரெய்ன்' என்ற பெயரோடு உயர்ந்த விலைக்குப் போகும். எனவே விலையுயர்ந்த சோபாவில் அமர்பவர் உண்மையில் அமர்வது, உழைத்த தடம் இல்லாத ஒரு விலங்கின் மேல் என்று சொல்லலாம். தோலின் தரவரிசை, உழைப்பின் அடையாளத்தைக் கழித்துக்கட்டும் வரிசையாகவே அமைந்திருக்கிறது.

வென்ற காளையின் பச்சை

எப்போதும் இப்படித்தானா என்ற ஐயத்தோடு வீடு திரும்பிப் புறநானூற்றைப் புரட்டினோம். உ.வே. சாமிநாதையர் 1894-இல் முதன்முதலாகப் பதிப்பித்த அந்நூலில் தோல் பற்றிய செய்திகள் நாம் நினைப்பதைவிட மிகுதி. தோலுக்கு அதள், உரி, பச்சை எனப் பல பெயர்கள் பழந்தமிழில் உண்டு. அவற்றுள் 'பச்சை' என்பது நிறத்தைக் குறிப்பதன்று. பதனிடாத தோலைக் குறிப்பது. இன்றும் தோல் மண்டியில் 'பச்சைத்தோல்' என்றே வழங்குகிறார்கள்.

288-ஆம் பாடலில் கழாத்தலையார் ஒரு முரசைக் குறிப்பிடுகிறார். கூரிய கொம்புகளையுடைய இரண்டு காளைகளை ஒன்றோடொன்று பொரவிட்டு, வென்ற காளையின் தோலை மயிர் சீவாமல் போர்த்திய முரசு அது. தோலைத் தேர்ந்தெடுப்பது பற்றித் தமிழில் கிடைக்கும் மிகப் பழைய குறிப்புகளில் இது ஒன்று எனலாம். இங்கே தேர்வின் அளவுகோல் வெற்றி. போரிட்ட காளையின் தோலில் கொம்புக் கீறல்கள் இருந்திருக்கவே வேண்டும். அவை முரசுக்குக் குறையாகவில்லை. அந்த வாழ்க்கைக்காகவே அத்தோல் தேர்ந்தெடுக்கப்பட்டது.

எங்களுக்கு நேரடியாகத் தொடர்புடைய பாடல் இன்னொன்று. 82-ஆம் பாடல், பாடியவர் சாத்தந்தையார், பாடப்பட்டவன் போரவைக் கோப்பெருநற்கிள்ளி. ஆமூர் மல்லனோடு அவன் பொருத மற்போரின் விரைவுக்கு ஓர் உவமை சொல்கிறார் புலவர். ஊரில் விழா, வீட்டில் மனைவிக்குப் பேறுகாலம், மழையோ பெய்கிறது, பொழுதும் சாய்கிறது. இத்தனை நெருக்கடிக்கும் நடுவே ஒருவன் கட்டிலுக்கு வார் பின்னிக்கொண்டிருக்கிறான். அவன் கையிலுள்ள ஊசி எவ்வளவு விரைந்து செல்லுமோ, அவ்வளவு விரைவாம் அந்தப் போர்.

மரச்சட்டத்தில் வாரை இழுத்துப் பின்னி மனிதர் படுப்பதற்கும் அமர்வதற்கும் ஏற்றதாக்கும் வேலை அது. இன்றைய குஷன் தொழிலாளியின் முன்னோன் அவன். புலவருக்கு அவன் கைவிரைவு தெரிந்திருக்கிறது. அவன் வீட்டுக் கவலை தெரிந்திருக்கிறது. ஆனால் அவனைக் குறிக்க அவர் ஆண்ட சொல் 'இழிசினன்' என்பது. அரசனுக்குப் பெயர் உண்டு. மல்லனுக்கு ஊர் உண்டு. கட்டில் பின்னியவனுக்கு வசைச்சொல் ஒன்றே உண்டு. அரசனின் வீரத்தை அளக்க அவன் கை தேவைப்பட்டது. அவனோடு ஒக்க அமர்வது தேவைப்படவில்லை.

இந்த முரண் பின்னர் மேலும் இறுகியது. மான்தோலும் புலித்தோலும் முனிவருக்கு ஆசனமாயின. மாட்டுத்தோல் செருப்பாகி வாசலோடு நின்றது. தோலின்றி மிருதங்கம் இல்லை. ஆனால் அத்தோலைத் தேர்ந்து, சீவி, வார் பிடித்துத் தருபவர்கள் கச்சேரி மேடைக்கு வெளியே நின்றார்கள். டி.எம். கிருஷ்ணா 2020-இல் வெளியிட்ட 'செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்' என்னும் நூல் அவர்களுடைய வரலாற்றையே பேசுகிறது. வசதி படைத்த தமிழ் வீடுகளின் பழைய நாற்காலிகளில் பிரம்புப் பின்னலே மிகுதியாகக் காணப்படுவதற்கு நம் வெப்பமும் வேர்வையும் ஐப்பசி மழையின் பூஞ்சையும் காரணங்கள்தாம். ஆயினும் அவை மட்டுமே காரணங்கள் அல்ல என்று எண்ண இடமிருக்கிறது.

ஆவாரம்பட்டையும் லண்டன் சந்தையும்

நாங்கள் பெரியமேட்டிற்குச் சென்ற சாலையையும் இங்கே நினைவுகூர வேண்டும். இன்று ஈ.வெ.ரா. பெரியார் சாலை எனப்படும் பூந்தமல்லி நெடுஞ்சாலை, பெரியமேட்டை ஒட்டிப் புறப்பட்டு மேற்கே பூந்தமல்லிக்குச் செல்கிறது. அதே திசையில் மேலும் போனால் வாலாஜாப்பேட்டை, இராணிப்பேட்டை, வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி. தமிழகத்துத் தோல் தொழிலின் தலையாய ஊர்கள் பலவும் இவ்வழியில்தான். மலரின் பெயர் தாங்கிய சாலையில் இத்தனை காலமாகப் போய்வந்து கொண்டிருப்பது தோல்.

இருப்புப்பாதையும் அதே திசையைத்தான் பற்றியது. தென்னிந்தியாவின் முதல் பயணிகள் இரயில், 1856 ஜூலை 1 அன்று இராயபுரத்திலிருந்து இன்றைய ஆவடி, திருவள்ளூர் வழியாக வாலாஜா ரோடு வரை சென்றது. பாலாற்றுக் கரை ஊர்களும் சென்னைத் துறைமுகமும் இதனால் நெருங்கிவந்தன. நீர் இருந்த இடத்தில் தொழில் வளர்ந்தது. பாதை இருந்ததால் சரக்கு கப்பலேறியது.

அன்றைய பதனீட்டு முறை நம் மண்ணுக்கே உரியது. தோலைச் சுண்ணாம்பு நீரில் ஊறவைத்து மயிரைக் களைவார்கள். சதைப்புறத்தைக் கத்தியால் வழிப்பார்கள். பின்னர் ஆவாரம்பட்டைச் சாற்றில் வாரக்கணக்கில் ஊறவைப்பார்கள். கடுக்காய்ச் சாற்றில் நிறம் தெளியவைத்து எண்ணெய் பூசுவார்கள். ஆவாரை பூத்திருக்கும் ஊரில் சாவு உண்டோ என்று கேட்கும் பழமொழியை நாமறிவோம். செத்த மாட்டின் தோலையும் அழுகாமல் காத்தது அந்தச் செடியின் பட்டைதான்.

இவ்வாறு அரைப்பதமாக்கிய தோல் லண்டன் சந்தையில் 'ஈஸ்ட் இந்தியா கிப்ஸ்' எனப் பெயர் பெற்றது. 'கிப்' என்பது சிறிய மாட்டின் தோலைக் குறிக்கும் வணிகச் சொல். நம் மாடுகள் உருவில் சிறியவை என்ற செய்தி இப்படி ஒரு சரக்கின் பெயரிலேயே பதிவாகிவிட்டது. சென்னையில் அரைப்பதமான தோல், இங்கிலாந்தில் முழுப்பதம் பெற்றுக் காலணியாகவும் பிற பொருள்களாகவும் மாறியது. மதிப்புக் கூடிய வேலையெல்லாம் அங்கே. சுண்ணாம்பும் நாற்றமும் கழிவுநீரும் இங்கே. முதல் உலகப்போரின்போது படைவீரர் காலணிக்காக இத்தோல் வணிகத்தை அரசே தன் கட்டுப்பாட்டில் கொண்டுவந்தது. போர் முடிந்தபின் 1919-இல், பச்சைத்தோல் ஏற்றுமதிக்கு 15 விழுக்காடு தீர்வை விதித்தார்கள். ஆனால் பிரித்தானியப் பேரரசுக்குள் பதனிடப்படும் தோலுக்கு அதில் மூன்றில் இரண்டு பங்கைத் தள்ளுபடியாகக் கொடுத்தார்கள். சலுகை யாருக்காக என்பதை விளக்க வேண்டியதில்லை.

கவலைக்கு ஒரு தோல்

சோபாவுக்கு இன்று பயன்படும் தோல் பெரும்பாலும் ஆவாரையில் பதனிட்டதன்று. குரோமிய உப்பில் பதனிட்டது. அமெரிக்காவில் 1884-இல் அகஸ்டஸ் ஷுல்ட்ஸ் என்னும் வேதியியலர் காப்புரிமை பெற்ற முறையிலிருந்து வளர்ந்த நுட்பம் இது. வாரக்கணக்கில் ஆகும் வேலை சில நாள்களில் முடிந்துவிடும். தோல் மென்மையாகவும் நீரைத் தாங்குவதாகவும் இருக்கும். இது சென்னைக்கு வந்த கதையில் உழவர் கிணறு ஒன்று குறுக்கிடுகிறது.

ஆல்பிரட் சாட்டர்ட்டன் சென்னைப் பொறியியல் கல்லூரிப் பேராசிரியர். பின்னர் கலைத்தொழிற் பள்ளியின் பொறுப்பை ஏற்றவர். 1898-இல் அங்கே அலுமினியப் பாத்திரத் தொழிலைத் தொடங்கி வைத்தவரும் அவரே. நம் கவலை ஏற்றத்தில் நீர் இறைக்கப் பயன்பட்ட தோற்பையும் தும்பியும் ஓயாமல் நனைந்து விரைவில் கெட்டுப்போவதை அவர் கண்டார். பட்டையில் பதனிட்ட தோல் நீரில் சாரத்தை இழந்துவிடும். குரோமியத் தோலோ நின்று உழைக்கும். இந்த எண்ணத்தோடு 1903-இல் குரோமியப் பதனீட்டுச் சோதனைகளைத் தொடங்கினார். அடுத்த ஆண்டு, சென்னை மாகாணத்தின் தோல் பதனீடு பற்றித் தனிநூலும் எழுதினார். நீரிறைக்கும் பைகளும் செருப்புகளும் அங்கே உருவாயின.

அரசே தொழில் நடத்துவதை ஐரோப்பிய வணிகர் விரும்பவில்லை, முறையீடுகள் எழுந்தன. இந்தியாவுக்கான அமைச்சர் மார்லி 1910-இல் அனுப்பிய ஆணை, அரசு வணிகத் தொழிலில் இறங்குவதற்குத் தடை போட்டது. குரோமியத் தொழிற்கூடம் ரேவா சமஸ்தானத்திற்கு விற்கப்பட்டது. 1912-இல் சாட்டர்ட்டன் மைசூர் சென்றார். ஆனால் நுட்பம் ஊரை விட்டுப் போகவில்லை. தனியார் கையில் அது வளர்ந்தது. பல்லாவரத்தையடுத்து எழுந்த குரோம் லெதர் கம்பெனியின் பெயராலேயே குரோம்பேட்டை என ஓர் ஊர் உண்டாயிற்று. நாள்தோறும் அவ்வூர் இரயில் நிலையத்தைக் கடப்போரில் எத்தனை பேர் அப்பெயரில் ஒரு வேதிப்பொருள் ஒளிந்திருப்பதை அறிவார்கள்?

ரெக்ஸினும் நீலத்தோலும்

இதனிடையே தோலுக்குப் போலி ஒன்று வந்து சேர்ந்தது. ரெக்ஸின் என்பது இங்கிலாந்தில் மான்செஸ்டர் அருகே ஹைட் என்ற ஊரிலிருந்த ஒரு நிறுவனத்தின் வணிகப்பெயர். துணியின்மேல் செல்லுலோஸ் நைட்ரேட் பூசிய சரக்கு. அப்பூச்சு பின்னாளில் பிளாஸ்டிக்காக மாறியபோதும் பெயர் மட்டும் நம் நாட்டில் நிலைத்துவிட்டது. 1955-இல் பெரம்பூர் இரயில் பெட்டித் தொழிற்சாலையும், 1960-களில் அம்பத்தூர்த் தொழிற்பேட்டையும் ஆவடிக் கனரக வாகனத் தொழிற்சாலையும் தோன்றி இந்த மேற்குப் புறநகர்கள் தொழில்நகரங்களாயின. சாலைதோறும் முளைத்த குஷன் கடைகளுக்கு ரெக்ஸினே சோறு போட்டது. அதற்கு மலிவு என்ற காரணம் உண்டு. தீட்டு இல்லை என்ற காரணமும் உண்டு என்று எங்கள் பெரியவர் சிரித்துக்கொண்டே சொன்னார்.

தோலின் பக்கமோ வேறு மாற்றங்கள். 1948-இல் அடையாற்றில் மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் தோன்றியது. 1958-இல் அதன் இயக்குநரான நாயுடம்மா ஆய்வுக்கூடத்தையும் தோல் பதனிடுவோரையும் இணைக்க அரும்பாடுபட்டார். 1985-இல் கனிஷ்கா விமான வெடிப்பில் உயிரிழந்தவர்களுள் அவரும் ஒருவர். 1970-களில் சீதாராமையா குழுவின் பரிந்துரையை ஒட்டிப் பச்சைத்தோல் ஏற்றுமதி நிறுத்தப்பட்டு, அரைப்பதத் தோல் ஏற்றுமதியும் கட்டுப்படுத்தப்பட்டது. தோலாக அனுப்பாதே, செருப்பாக அனுப்பு என்பது கொள்கை.

இன்று காட்சி தலைகீழாகிவிட்டது. குரோமியத்தில் முதற்பதம் பெற்ற தோல் வெளிர்நீலமாக இருக்கும். 'வெட் ப்ளூ' என்பது அதன் பெயர். அந்த நீலத்தோலை நாம் வெளிநாட்டிலிருந்து வாங்குகிறோம். 2025-26 நிதிநிலை அறிக்கை அதன் மீதான அடிப்படை இறக்குமதித் தீர்வையை முழுவதுமாக நீக்கியது. நாங்கள் கிடங்கில் பார்த்த பெரிய தோல்கள் அத்தகையவை. நம் நாட்டு மாட்டின் தோல் பெரும்பாலும் 20, 25 சதுர அடி. ஐரோப்பிய மாட்டின் தோல் 50 சதுர அடியைத் தொடும். மூவர் அமரும் முழுச் சோபாவுக்கு வெட்டுக்கழிவு உட்பட ஏறத்தாழ 200 சதுர அடி தேவை. அங்கே நான்கு தோலில் முடிவது இங்கே எட்டைத் தாண்டும், தையலும் கூடும். அந்த மாடுகள் இறைச்சிக்கும் பாலுக்கும் வளர்க்கப்பட்டவை, நுகத்தடியை அறியாதவை. கிப்ஸ் என்று நம் தோலுக்குப் பெயர் சூட்டிய சந்தையின் கண்கொண்டே இன்று நாமும் நம் மாட்டின் தோலைப் பார்க்கப் பழகிவிட்டோம்.

பாலாறு கேட்கும் விலை

குரோமியத்தின் புகழை மட்டும் சொல்லி நிறுத்துவது நேர்மையாகாது. வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்டு 28 அன்று உச்சநீதிமன்றம் அளித்த தீர்ப்பை இந்தியச் சுற்றுச்சூழல் சட்டம் பயில்வோர் அனைவரும் அறிவர். மாசுபடுத்துவோரே ஈடு செய்யவேண்டும் என்னும் நெறியை அத்தீர்ப்பு நம் நாட்டுச் சட்டத்தின் பகுதியாக நிலைநாட்டியது. தோல் பதனிடும் ஆலைகளின் கழிவால் பாலாற்றங்கரையில் நிலமும் கிணறும் கெட்ட வரலாறு அதில் பதிவாகியிருக்கிறது. உழவரின் கிணற்றுக்கு உதவ வந்த நுட்பம், நூறாண்டுக்குள் உழவரின் கிணற்றையே கெடுத்தது. இதைவிடக் கசப்பான முரண் எளிதில் கிடைக்காது.

2015 ஜனவரி 31 அன்று இராணிப்பேட்டையில் பொதுக் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தின் தொட்டிச் சுவர் இடிந்து, அருகே உறங்கிக்கொண்டிருந்த பத்துப் பேர் கழிவில் மூழ்கி மாண்டனர். தோல் தொழிலாளரின் வாழ்க்கையை அறிய விரும்பும் இலக்கிய வாசகர்கள், திண்டுக்கல் பதனீட்டுத் தொழிலாளரைப் பற்றி டி. செல்வராஜ் எழுதி 2012-இல் சாகித்திய அகாதெமி விருது பெற்ற 'தோல்' நாவலைப் படிக்கலாம். பட்டைப் பதனீடும் முற்றிலும் தூயதன்று என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும். ஆவாரைக்கு மாற்றாக நீலகிரியிலும் பழனி மலையிலும் நட்ட வாட்டில் மரங்கள் இன்று சோலைக்காடுகளின் புல்வெளியை விழுங்கிக்கொண்டிருக்கின்றன. ஆகவே தோலைத் தேர்ந்தெடுப்பவர் தேர்ந்தெடுப்பது நிறத்தையும் கனத்தையும் மட்டுமன்று. ஓர் ஆற்றின் மீதும் சில மனிதர்களின் மீதும் ஏறும் சுமையில் தம் பங்கையும் அவர் ஏற்கிறார். எங்கள் படிப்பகத்திற்கும் அதில் பங்குண்டு.

கழுத்துத் தழும்பு

நாங்கள் எதை வாங்கினோம் என்று சொல்லி முடிக்கிறோம். பெரிய தோலுக்கு எங்களிடம் பணமில்லை. தேய்த்துப் பூசிய தோலுக்கு மனமில்லை. இருக்கைக்கும் சாய்மானத்திற்கும் மட்டும் போதுமான அளவில் நம் நாட்டுத் தோல்கள் நான்கை எடுத்தோம். நுகத்தடித் தழும்பு உள்ளதும் அதில் ஒன்று. அந்தத் தழும்பைச் சாய்மானத்தில் வெளியே தெரியும்படி வைக்கலாமே என்று நாங்கள் கேட்டபோது பெரியவர் தயங்கினார். "உங்களுக்குக் கதை சார் அது. பாக்கறவனுக்கு, வேல தெரியாதவன் தச்சிருக்கான்னு தோணும்" என்றார். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. எங்கள் அழகியலுக்கு அவருடைய தொழிற்பெயர் பலியாக வேண்டியதில்லை. நெடுநேரப் பேச்சுக்குப் பின், சோபாவில் வேண்டாம், நாற்காலி ஒன்றில் மட்டும் வைக்கலாம் என ஒப்புக்கொண்டார்.

தைத்துக்கொண்டே அவர் தம் தந்தையைப் பற்றிச் சொன்னார். பல்லாவரம் பக்கம் ஒரு பதனீட்டு ஆலையில் தோல் தரம் பிரித்தவராம் அவர். எழுத்தறியாதவர், ஆனால் தோலை ஒருமுறை தடவிவிட்டு, அது கிடந்து செத்த மாடா, அறுபட்ட மாடா, எத்தனை வயது என்று சொல்லிவிடுவாராம். பள்ளியில் தம் மேல் தோல் வாடை வீசுகிறது என்று எவரும் தம்மருகே உட்காரமாட்டார்கள் என்பதையும், யாருடைய கதையையோ சொல்வதுபோல, இடையே சொல்லிவிட்டுப் போனார். ஒரு தோலை இவ்வளவு நுட்பமாகப் படிக்கத் தெரிந்தவர்களைத்தான் நாம் மக்கள்தொகைக் கணக்கில் படிப்பறிவற்றவர் என்று எழுதிவைத்தோம்.

நாற்காலிகளைக் கொண்டுவந்து இறக்கிய மாலையில் படிப்பகத்தில் எல்லாரும் சுற்றி நின்று பார்த்தோம். "உட்காருங்கள் ஐயா" என்றோம். "வேல இருக்கு சார்" என்றார். மறுபடி சொன்னபோது, தழும்பு உள்ள நாற்காலியில் சற்றே அமர்ந்து, கைகளை ஊன்றி அழுத்திப் பார்த்து, "ஸ்பிரிங் நல்லா நிக்குது" என்று சொல்லி எழுந்துவிட்டார். உட்கார்ந்ததற்குக்கூட ஒரு வேலைக் காரணம் வேண்டியிருந்தது.

படிப்பகத்தின் பதிவேட்டில் மரச்சாமான் கொடுத்துதவிய தலைமையாசிரியரின் பெயரை முன்பே எழுதியிருந்தோம். அதன் கீழே, தோல் தேர்ந்து தைத்தவர் என்று இவருடைய பெயரையும் எழுதினோம். சாத்தந்தையாரின் பாட்டில் கட்டில் பின்னியவனுக்கு ஒரு பெயர் கிடைத்திருக்குமானால் நமக்கு எவ்வளவு பயன்பட்டிருக்கும்! இவர் தம் பெயரைக் கட்டுரையில் போடவேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் இங்கே குறிப்பிடவில்லை. அம்பத்தூர்ப் பக்கம் வரும் நண்பர்கள் படிப்பகத்திற்கு வந்து பதிவேட்டில் பார்த்துக்கொள்ளலாம். நாற்காலியிலும் அமர்ந்து பார்க்கலாம்.